பழுது எதுவும் காணப்படவில்லை

யட்டவத்த
18.05.2025

அன்புள்ள ஷிஹாம் நானாவுக்கு,

தங்கச்சி றமீஸாவின் ஸலாம். இங்கே உம்மா, உங்கள் மச்சான் பஸ்லி, மகள் பீபி எல்லோரும் அல்லாஹ்வின் உதவியால் சுகமாக இருக்கிறோம். உம்மாவுக்குச் சீனி மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஜெஸீமா மச்சிக்கு வாந்தி நின்றுவிட்டதா? முதல் பிள்ளை, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

நேற்று காரைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும், "போன்ல சொல்லாத றமீ, கடுதாசி போடு" என்று வைத்துவிட்டீர்கள். கடிதம் எழுதுவதைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறேனே தவிர, நானே எழுதி எத்தனையோ வருடமாகிறது. ஏதோ காரணம் இருக்கும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு மாத்தளைக்குப் போனேன். பெரிய இறக்கத்தில் வளைவுக்குக் கிட்ட வரும்போது கார் ஒரு சத்தமும் இல்லாமல் செத்துவிட்டது. செத்தது என்றுதான் சொல்ல வேண்டும். முன்னால் இருந்த திரை கறுத்துப்போனது. ஸ்டியரிங் கல் மாதிரி இறுகியது. பிரேக்கை மிதித்தால் கால்தான் வலிக்கிறது, கார் நிற்கவில்லை. எதிரே கல் ஏற்றிய லொறி ஒன்று வந்தது. "யா அல்லாஹ்" என்று உம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு காலையும் பிரேக்கில் வைத்து எழும்பி நின்றேன் நானா. லொறிக்காரன் ஒதுங்கியதால் தப்பினோம்.

கண்டியில் நீங்கள் வேலை செய்யும் கார் கம்பனியின் கிளைக்குக் கட்டி இழுத்துப் போனார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் அது ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. கணினியைக் காரில் பூட்டிப் பார்த்துவிட்டு ஒரு தாள் தந்தார்கள். கடைசி வரி, "பழுது எதுவும் காணப்படவில்லை."

புது மின்சாரக் கார், அதுவும் நீங்கள் முன்னால் நின்று எடுத்துத் தந்த கார். என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். உம்மா உங்களுக்கு ஸலாம் சொன்னார்.

துஆவுடன்,
றமீஸா

●

தெமட்டகொட
02.06.2025

என் தங்கச்சி றமீஸாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் துஆ செய்கிறோம். ஜெஸீமாவுக்கு இப்போது பரவாயில்லை, புளி போட்ட மீன்தான் இறங்குகிறது. பதில் சுணங்கிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே. கராஜில் வேலை அதிகம்.

போனில் ஏன் வேண்டாம் என்றால், என்னிடம் இருப்பது கம்பனி தந்த போன். எங்களோடு வேலை செய்த ஹுஸ்னியை உனக்குத் தெரியும்தானே, நம் வீட்டுக்கு ஒருமுறை வந்து உம்மாவின் கையால் சாப்பிட்ட பொடியன். வாடிக்கையாளர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் ஏதோ படம் அனுப்பினான் என்று அன்றைக்கே வேலையால் நிறுத்திக் கேட்டுக்கு வெளியே விட்டார்கள். வேறொன்றும் இல்லை.

காரைப் பற்றி நீ பயப்பட ஒன்றும் இல்லை. புது மொடல்களில் சொஃப்ட்வெயார் சில நேரம் இப்படிக் குழம்பும். அடுத்த சேர்விஸில் சரி செய்வார்கள்.

ஆனால் அதுவரைக்கும் உம்மாவை அதில் ஏற்றாதே. பீபியையும். நீயும் வெயில் நேரத்தில் நீளமான ஏற்ற இறக்கங்களுக்குக் கொண்டு போகாதே. மச்சானிடம் சொல், மிளகு எடுக்கப் பல்லேகமவுக்குப் போவதென்றால் லொறியில் போகட்டும். ரிவர்ஸ்டன் மலைப் பாதைக்கு இந்தக் காரை எடுக்கவே வேண்டாம். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு கவனத்துக்குத்தான்.

அன்புடன்,
நானா

●

யட்டவத்த
11.06.2025

அன்புள்ள நானாவுக்கு,

ஸலாம். பெருநாள் நல்லபடி கழிந்ததா? நீங்கள் வருவீர்கள் என்று உம்மா வட்டிலப்பம் செய்து மூடி வைத்திருந்தார். மாலைவரை வாசலையே பார்த்துவிட்டுக் கடைசியில் பீபிக்குக் கொடுத்தார். உம்மாவின் உடம்புக்குக் குறை இல்லை.

உங்கள் கடிதத்தைப் பஸ்லிக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தார். "கார் எடுத்துத் தந்தவரே ஓட்ட வேணாங்கிறாரு. அப்ப என்னத்துக்கு எடுத்த? பூட்டி வெச்சி அழகு பாக்கவா?" என்றார். நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் திங்கட்கிழமை காரிலேயே பல்லேகமவுக்குப் போனார்.

போகும்போது ஒன்றுமில்லை. வரும்போது, ரிவர்ஸ்டனுக்கு மேலே, பனி மப்புக்குள் அது நின்றுவிட்டது. ஏற்றம். நின்ற கார் பின்னால் உருளத் தொடங்கியது. பின்னுக்கு என்ன இருக்கிறதென்று அந்த மப்பில் தெரியாது. நீங்கள் அந்த இடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். எப்படியோ திருப்பிப் பின்பக்கத்தை மலையில் மோதவிட்டு நிறுத்தியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவர் பீபியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இறக்கவே இல்லை. பஸ்லியை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

கண்டிக் கிளையில் இந்த முறை அவரே போய் நின்றார். மேனேஜர் வந்து, "சேர் வெள்ளத் தண்ணிக்குள்ள ஓட்டியிருப்பீங்க" என்றாராம். பிறகு, "பின்பக்கம் அடிபட்டிருக்கு, இது விபத்து, இதுக்கு வொரன்டி இல்ல" என்றாராம். "ஐஸே, கார் நின்டதாலதான் அடிபட்ட. அடிபட்டதால நின்ட இல்ல" என்று இவர் கத்தியிருக்கிறார். காவலாளியைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் அதே தாள், அதே வரி.

இப்போது ஃபேஸ்புக்கில் போடப் போவதாக நிற்கிறார்.

நானா, நான் ஒன்று கேட்கட்டுமா? சொஃப்ட்வெயார் குழப்பம் என்றால் வெயிலுக்கும் ஏற்றத்துக்கும் என்ன சம்பந்தம்? ரிவர்ஸ்டன் பாதையைப் பெயர் சொல்லி ஏன் வேண்டாம் என்றீர்கள்?

துஆவுடன்,
றமீஸா

●

தெமட்டகொட
29.06.2025

தங்கச்சிக்கு,

ஸலாம். மச்சானுக்கு அடி ஒன்றும் படவில்லைதானே? நீ அதை எழுதவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான். நாங்கள் சுகம்.

ஃபேஸ்புக்கில் போட விடாதே. உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன். கார் இலக்கத்தைப் பார்த்தால் யாருடைய சிபாரிசில் போன கார் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். போன கிழமை பெரிய மேனேஜர் என் மேசைக்கு வந்து, தோளில் கை வைத்து, "ஷிஹாம், மாத்தளையில இருக்கிறது உங்கட தங்கச்சிதானே?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "பேபி எப்ப?" என்றும் கேட்டார். அவருக்கு ஜெஸீமாவைப் பற்றி நான் ஒருநாளும் சொன்னதில்லை.

காரைக் கொழும்புக்கு அனுப்பு. நானே நின்று பார்க்கிறேன். ஓட்டி வர வேண்டாம், கார் ஏற்றும் கெரியரில் ஏற்றி அனுப்பு.

நீ கேட்ட மற்ற விஷயத்தை நேரில் பேசுவோம்.

நானா

●

யட்டவத்த
20.07.2025

அன்புள்ள நானாவுக்கு,

ஸலாம். மச்சிக்கு உடம்பு எப்படி? இங்கே மழை இல்லை, கிணறு கீழே போய்விட்டது. பீபிக்குத் தடிமனும் இருமலும், மற்றபடி சுகம்.

கார் வந்து சேர்ந்தது. கழுவித் துடைத்து, உள்ளே வாசனை போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். கூட வந்த தாளைப் பார்த்தேன். "பழுது எதுவும் காணப்படவில்லை." கீழே இந்த முறை உங்கள் கையெழுத்து. நானே நின்று பார்க்கிறேன் என்று எழுதினீர்களே, அந்த நினைப்பில் பஸ்லி சந்தோஷப்பட்டார். நான் அந்தக் கையெழுத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் கையெழுத்து அவ்வளவு சின்னதாக இருக்காது.

ஒரு விஷயம். அடிபட்ட பின்பக்கத்தைத் திருத்துவது பற்றிக் கேட்கக் கண்டிக் கிளைக்குப் போனபோது ஸுலைஹா என்று ஒரு பெண்ணைச் சந்தித்தேன். தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறவர், ஆண்களையே அதட்டிப் பேசுகிற ஆள். அவரிடமும் இதே கார், இதே நிறம். நாவுலப் பக்கம் ஓர் ஏற்றத்தில் நின்றதாம். பின்னால் வந்த பஸ் மயிரிழையில் விலகியதாம். "எனக்கிட்ட சொன்னாங்க, இலங்கையிலேயே உங்க ஒரு காருக்குத்தான் இப்பிடின்னு" என்றார். எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

அவர் போன் இலக்கம் தந்தார். உங்களிடம் கேட்டுவிட்டுப் பேசலாம் என்று இருக்கிறேன்.

நானா, இப்படி எத்தனை கார்? உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

றமீஸா

●

தெமட்டகொட
11.08.2025

அன்புள்ள றமீஸா மச்சிக்கு,

ஜெஸீமா எழுதுகிறேன். ஸலாம். என் உடம்பு நல்லா இருக்கிறது, பிள்ளை நன்றாக அசைகிறது. மாமியிடம் எனக்காகத் துஆ செய்யச் சொல்லுங்கள்.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. உங்கள் கடிதம் வந்து கிடக்கிறது. எடுத்து வாசிப்பார், மடித்து வைப்பார், மறுபடி எடுப்பார். பதில் எழுத உட்கார்ந்தால் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுகிறார்.

போன மாதக் கடைசியில் ஒருநாள் வேலையிலிருந்து நேரத்தோடு வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தார். கேட்டதற்கு, பண்டாரவளைப் பக்கம் ஒரு கார் பள்ளத்தில் விழுந்து ஒருவர் மவுத்தாகிவிட்டதாகச் சொன்னார். உங்களிடம் இருக்கிற அதே கார். ஓட்டியவர் தூங்கிவிட்டார் என்று பேப்பரில் போட்டிருந்தது. "பகல் பதினொரு மணிக்கு யாரு ஜெஸீ தூங்குவாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

மச்சி, எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவருடைய வேலையை நம்பித்தான் இந்த வீடு ஓடுகிறது என்பது மட்டும் தெரியும். அவர் பயப்படுவது எங்களுக்காகத்தான். ஆனால் நீங்கள் பீபியை அந்தக் காரில் ஏற்ற வேண்டாம். நீங்களும் ஏற வேண்டாம். இதைச் சொல்லாமல் இருந்தால் என் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

ஜெஸீமா

●

யட்டவத்த
16.08.2025

நானாவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். மச்சியின் நினைவாகவே இருக்கிறது.

கார் பஸ்லியின் கடைக்குப் பக்கத்துக் கொட்டிலில் நிற்கிறது. நான் ஏறுவதில்லை. பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகிறேன். இரவில் கண் மூடினால் அந்த இறக்கம் வருகிறது. கால் தானாகப் பாயை மிதிக்கிறது.

பஸ்லி அதை விற்கப் பார்க்கிறார். ரத்தோட்டையிலிருந்து கஜீபன் என்று ஒரு தம்பி வந்தார். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ரிவர்ஸ்டனுக்கும் அதற்கு அப்பால் பல்லேகமப் பக்கத்துக்கும் வரும் உல்லாசப் பயணிகளை ஏற்றி இறக்க ஒரு கார் தேடுகிறார். மனைவி ஹம்சிகாவும் வந்திருந்தாள், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. குழந்தை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

"கம்பனில ஒரு கொறையும் இல்லன்னு எழுதியே குடுத்திருக்காங்களே அண்ணே, அப்புறம் என்ன" என்று அந்தத் தம்பி உங்கள் கையெழுத்து இருக்கும் தாளைப் பார்த்துச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு நான் பஸ்லியிடம் கேட்டேன், தெரிந்துகொண்டு கொடுப்பது ஹராம் இல்லையா என்று. "எனக்கு என்ன தெரியும்? கம்பனி இல்லங்குது. உங்கட நானா இல்லங்கிறாரு. நான் மட்டும் இருக்கின்னு சொல்லணுமா?" என்றார்.

வருகிற இருபத்தேழாம் திகதி, புதன்கிழமை காலையில் காரை எடுக்க வருகிறார்கள். அந்தப் பாதையில்தான் அது தினமும் ஓடப் போகிறது.

ஒரே ஒரு சொல் எழுதுங்கள் நானா. பழுது இருக்கிறதா, இல்லையா? இல்லை என்றால் கொடுத்துவிடுகிறோம். உங்கள் சொல்லை நம்புகிறேன்.

றமீஸா

●

யட்டவத்த
30.08.2025

நானாவுக்கு,

ஸலாம். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அவர்களும் உயிரோடு இருக்கிறார்கள். முதலில் அதை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் புதன்கிழமைக்குப் பிறகு உங்கள் போன் வேலை செய்யவில்லை, நீங்கள் என்ன நினைத்துக்கொண்டு இருக்கிறீர்களோ.

தபால் ஸ்ட்ரைக்கில் என் கடிதம் அங்கேயே கிடந்திருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. பதில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை உங்களுக்கு அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. பழுது இருந்தால் நானா சொல்லியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ளத்தான் எனக்கு விருப்பமாக இருந்தது.

புதன் காலை அவர்கள் வந்தார்கள். ஹம்சிகா புதுச் சாரி கட்டியிருந்தாள். காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் தேசிக்காய் வைத்தார்கள். பல்லேகமவில் அவளுடைய அம்மா வீட்டுக்கு முதல் பயணம் என்றாள். சொல்லிவிடலாம் என்று ஓர் அடி முன்னால் வைத்தேன். பஸ்லி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கார் ரோட்டில் ஏறி மறைந்தது.

அதற்கு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகே, அன்றுதான் கைக்கு வந்த என் கடிதத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள் அழைத்தீர்கள். ஓஃபிஸ் போனிலிருந்து. பின்னால் ஆட்கள் பேசும் சத்தம் எனக்குக் கேட்டது. அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "குடுக்காத றமீ! அந்தக் காரக் குடுக்காத! அதுல பழுது இருக்கு!" என்று கத்தினீர்கள். நான் "போய்ட்டாங்க நானா" என்றேன்.

கஜீபனுக்குப் போன் அடித்தோம். ரத்தோட்டையைத் தாண்டினால் அங்கே சிக்னல் இல்லை. பஸ்லி லொறியை எடுத்தார், நான் செருப்புக்கூடப் போடாமல் ஏறினேன். வழியெல்லாம் அவர் உதடு ஓதிக்கொண்டே இருந்தது. மேலே ஏற ஏற மப்பு. ஒவ்வொரு வளைவிலும் நான் ரோட்டைப் பார்க்கவில்லை, ஓரத்துப் புல்லைப் பார்த்தேன், எங்காவது மிதிபட்டுக் கிடக்கிறதா என்று.

ரிவர்ஸ்டனைத் தாண்டி இறங்கும் இடத்தில் ஒரு பஸ் நின்றது. ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். பஸ்லி லொறியை நிறுத்திவிட்டு ஓடினார். எனக்கு இறங்க முடியவில்லை. கதவுக் கைப்பிடியில் வைத்த கை திறக்க மறுத்தது. கூட்டத்துக்குள்ளிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. அழுகிற குழந்தை உயிரோடு இருக்கிற குழந்தை. அதைக் கேட்ட பிறகுதான் இறங்கினேன்.

கார் மலைச்சுவரோடு முட்டி, முன்சக்கரம் வடிகானுக்குள் விழுந்து கிடந்தது. இறக்கத்தில் செத்துப்போன காரைக் கஜீபன் சுவரில் கொண்டுபோய் உரசவிட்டிருக்கிறார். அவருடைய கை மணிக்கட்டில் முறிந்திருந்தது. ஹம்சிகாவின் நெற்றியில் இரத்தம், புதுச் சாரியெல்லாம் இரத்தம். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவள் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. "இவ்ளோ தூரம் வெரட்டிக்கிட்டு வந்திருக்கீங்களே அக்கா, அப்ப இது இப்படி நிக்கும்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"தெரியும்" என்றேன்.

அவர்களை லொறியில் ஏற்றி மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். பஸ்லி அங்கேயே கஜீபனிடம் எல்லாவற்றையும் சொல்லிக் காசைத் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தம்பி எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஹம்சிகா என்னிடம் கேட்டதை நான் உங்களிடம் கேட்கவில்லை நானா.

றமீஸா

●

தெமட்டகொட
14.09.2025

என் தங்கச்சிக்கு,

ஸலாம். உன் கடிதத்தை ஜெஸீமாதான் வாசித்துக் காட்டினாள். அந்தக் குழந்தை அழுத இடத்தில் அவளால் தொடர முடியவில்லை. எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. கம்பனி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கீழே புது இலக்கம் எழுதியிருக்கிறேன்.

நீ கேட்காவிட்டாலும் பதில் சொல்கிறேன். தெரியும்.

பெரிய பெட்டரியிலிருந்து சின்ன பெட்டரிக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் ஒரு பெட்டி இருக்கிறது. நீள ஏற்றத்திலும் இறக்கத்திலும் அது சூடேறி நின்றுவிடும். அது நின்றால் ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைக்கிற உதவி எல்லாம் போய்விடும். சூடு ஆறினால் மறுபடி வேலை செய்யும், அதனால் கணினியில் ஒன்றும் காட்டாது. கொழும்பின் சமதரையில் ஓட்டிப் பார்த்தால் ஆயுளுக்கும் தெரியாது. காரைச் செய்தவர்கள் வெளிநாட்டிலிருந்து மே மாதத்திலேயே அறிவித்துவிட்டார்கள். மாற்றுப் பெட்டி கப்பலில் வரும்வரைக்கும் வெளியே மூச்சு விடக்கூடாது என்று எங்களுக்குச் சொன்னார்கள். ஹுஸ்னி அனுப்பிய படம் அந்த அறிவித்தல்தான்.

ஒவ்வொரு காருக்கும் அந்த ஒரு வரியை எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. உன் காருக்கு எழுதிய அன்று, உன்னை மட்டும் எப்படியாவது காப்பாற்றிவிடலாம், ஓட்டாதே என்று சொன்னால் போதும் என்று நினைத்தேன். நீ ஓட்டாவிட்டால் வேறொருவர் ஓட்டுவார் என்பது என் புத்தியில் ஏறவில்லை. பயம் வந்தால் மனிதன் தன் வீட்டுக் கதவுக்கு அப்பால் எதையும் பார்ப்பதில்லை.

அன்றைக்கு நான் போனை வைத்ததும் முழு ஓஃபிஸும் எழும்பி நின்றது. பெரிய மேனேஜர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து வந்தார். "ஷிஹாம், வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்றார். நான் வீட்டுக்குப் போகவில்லை. ஹுஸ்னியைத் தேடிப் போனேன். இரண்டு பேருமாக நுகர்வோர் அதிகாரசபையில் வாக்குமூலம் கொடுத்தோம். பண்டாரவளைக் கார் எங்கள் கராஜுக்குத்தான் வந்தது. அந்தப் பெட்டி கருகியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்பதையும் சொன்னேன். செத்தவருடைய மனைவி வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். "அப்ப அவரு தூங்கல்லதானே, மஹத்தயா?" என்று மட்டும் சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன். தலையைக் கைகளில் புதைத்து அழுதார்.

வேலை போய்விட்டது. கம்பனி வழக்குப் போடுவதாகக் கடிதமும் வந்திருக்கிறது. தெருவில் ஒரு மோட்டார்சைக்கிள் மெதுவாகப் போனால் ஜெஸீமா ஜன்னலை மூடுகிறாள். எனக்கும் பயம்தான். ஆனால் ராத்திரியில் தூங்குகிறேன்.

ஸுலைஹாவின் இலக்கத்தை எனக்கு அனுப்பு. நீயும் அவரோடு பேசு.

உன் நானா

●

யட்டவத்த
26.10.2025

அன்புள்ள நானாவுக்கு,

ஸலாம். மகன் பிறந்த செய்தி கேட்டு உம்மா அழுதுகொண்டே பள்ளிவாசலுக்குக் கஞ்சி காய்ச்சக் கொடுத்தார். தாயும் பிள்ளையும் சுகமாக இருப்பது போதும். மச்சி நாற்பது நாள் முடியும்வரை எங்கும் அலைய வேண்டாம்.

இங்கே நடந்ததையெல்லாம் போனில் துண்டு துண்டாகச் சொன்னேன், முழுதாக எழுதவில்லை. ஸுலைஹா கண்டியில் ஒரு மண்டபம் எடுத்து எல்லோரையும் கூப்பிட்டார். உங்கள் ஒரு காருக்கு மட்டும்தான் இப்படி என்று சொல்லப்பட்டவர்கள் கதிரை போதாமல் சுவரோடு நின்றார்கள். கஜீபனும் கட்டுப் போட்ட கையோடு வந்திருந்தார். எங்களுக்கு எதிராகப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்துப் பஸ்லி எழும்பிப் போகப் பார்த்தார். அந்தத் தம்பி எழுந்து, "இவங்க செஞ்சது தப்புதான். ஆனா இவங்கதான் எங்கள தேடிக்கிட்டு பின்னாடியே வந்தாங்க. கம்பனிக்காரங்க யாரும் வரல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஹம்சிகா வரவில்லை. அவள் வீட்டுக்குப் போய்ப் படியில் நின்றேன் நானா, உள்ளே கூப்பிடவில்லை. மறுபடியும் போவேன்.

கம்பனி பேப்பரில் போட்டிருக்கிறது, எல்லாக் கார்களுக்கும் இலவசமாக ஒரு பாகம் மாற்றுவதாக. பழுது என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. விசாரணை நடக்கிறது. உங்களுக்கு மாத்தளையில் ஒரு கராஜ்காரர் வேலை தரக் கேட்கிறார், ஹுஸ்னிக்கும் சேர்த்து. யோசியுங்கள்.

எங்கள் கார் போன கிழமை திருத்தப்பட்டு வந்தது. புதுப் பெட்டி போட்டிருக்கிறார்கள். கண்டிக் கிளையில் காரைத் தந்த பொடியன், "இனிப் பிரச்சினை இல்ல மிஸ்" என்றபோது குரலில் பொய் தெரியவில்லை. ஆனால் முன்பு சொன்னபோதும் எனக்குத் தெரியவில்லையே. கார் முற்றத்தில் நிற்கிறது. பஸ்லி சாவியை எடுப்பதும் ஆணியில் மாட்டுவதுமாக இருக்கிறார். பீபி பந்து அதன் பக்கம் உருண்டால் போய் எடுக்கமாட்டாள். உம்மா அதைக் கடந்து போகும்போது ஓதிக்கொண்டு போகிறார். விற்கவும் முடியாது. இனி யாருக்கு விற்பது?

ஒரு நாளைக்கு யாராவது அதை ஓட்டித்தான் ஆகவேண்டும். அது முன்பின் தெரியாத ஒருவராக இருக்கக்கூடாது.

வருகிற சனிக்கிழமை ஒருநாள் மட்டும் வந்து போங்கள். நீங்களும் நானும் மட்டும் ரத்தோட்டை வழியாக மேலே ஏறி, மறுபக்கம் இறங்கிப் பல்லேகமவரை போய் வருவோம். அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள், என்ன பார்க்க வேண்டுமோ எல்லாம் பாருங்கள். பிறகு பழுது இல்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

நான் ஓட்டுகிறேன். நீங்கள் பள்ளத்துப் பக்கச் சீட்டில் உட்காருங்கள்.

துஆவுடன்,
றமீஸா